கண்ணை மூடினாலே பதறுகிறது, நான் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது?

கேள்வி:

மேடம், வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் ஒன்பது வருடமாக வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 36. வாரம் 20 மணி நேரம் வகுப்பு. அதோடு நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் அமைப்பு) கமிட்டியில் ஐந்தாவது க்ரைட்டீரியா என் பொறுப்பு, 24 பிள்ளைகளுக்கு மென்டார், மே மாதம் முழுக்க அட்மிஷன் கேன்வாசிங். இந்த வருடம் புதன்கிழமை கடைசி ஹவரை 'மைண்ட்ஃபுல்னெஸ் ஹவர்' என்று ஆக்கி, அதற்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். ஆன்லைனில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தேன், அவ்வளவுதான். செமினார் ஹாலில் 180 பேரை உட்கார வைத்து, கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று மைக்கில் சொல்கிறேன். சொல்லும்போதே என் நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் தனியாகச் செய்து பார்த்தால் இன்னும் மோசம், இரண்டாவது நிமிடமே எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருக்கிறது. மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்து வந்து, "எதுக்கு மேடம் இருக்கணும்னு தோணுது" என்றாள். "புதன்கிழமை மெடிட்டேஷனுக்கு ஒழுங்கா வா, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கே அமைதி இல்லாதபோது மற்றவர்களுக்குச் சொல்லித் தருவது ஊரை ஏமாற்றுகிற வேலை இல்லையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மாணவி.

இந்தப் பதில் வெளியாகும் வரை காத்திருக்க முடியாது என்பதால் இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டேன். இருந்தாலும் இங்கே மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற ஆசிரியர்களில் எத்தனையோ பேரிடம் ஏதோ ஒரு பிள்ளை இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கும். "எதுக்கு இருக்கணும்னு தோணுது" என்று ஒரு பெண் வகுப்பு முடியும்வரை காத்திருந்து உங்களிடம் வந்து சொல்கிறாள் என்றால், அந்த ஒரு வரியை எத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்தாளோ. அதற்குத் தியானம் பதில் ஆகாது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஸ்டாஃப் ரூம் வேண்டாம், அங்கே நாலு காது இருக்கும். "அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியா கேட்காம விட்டுட்டேன்மா, எனக்கு அது மனசுலயே இருக்கு" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியான விஷயம். சொல்ல முடியாமல் தவித்ததை ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே என்று அழுதுவிடும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவள் ஆமாம் என்றால், எப்படி என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள் என்றால், அன்றைக்கு அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும், உங்கள் வகுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவு தூரம் இல்லை, ஆனால் பாரமாக இருக்கிறது என்றால், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து 14416க்குப் போன் போட்டுக் கொடுங்கள். அது டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104லும் ஆலோசனை கிடைக்கும். நம்பரை எழுதிக் கையில் கொடுத்து "பேசிக்கோ" என்று அனுப்பினால் பத்தில் ஒரு பிள்ளைகூடப் பேசுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பக்கத்தில் இருந்து அந்த முதல் ஒரு நிமிடத்தைத் தாண்டவைக்க வேண்டும், அதுதான் உங்கள் வேலை. இன்னொன்று, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். "தேவையான ஆள்கிட்ட மட்டும் சொல்லுவேன், யார்கிட்ட சொல்லலாம்னு உன்னைக் கேட்டுட்டுச் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் பெண் பிள்ளைகள் இதைப் பற்றி வாய் திறக்காததற்குப் பெரிய காரணமே, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம்தான். அம்மாவா, அண்ணனா, சித்தியா, யாரிடம் சொன்னால் பதறாமல் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் உங்களுக்கு இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் மனதை அமைதியாக்குவது, அமைதியாக இருக்கிறவர்தான் அதைச் சொல்லித் தர முடியும் என்று உங்கள் மனதில் பதிந்திருக்கிறது. அமைதி சில சமயம் வரும், பல சமயம் வராது. இந்தப் பயிற்சியின் அடிப்படை அதைவிட எளிமையானது: இப்போது எனக்குள்ளும் என்னைச் சுற்றியும் என்ன நடக்கிறது என்று, உடனே அதைத் திருத்தப் பாயாமல், பார்ப்பது. நம் ஆயாக்கள் வாயில் 'சுதாரிப்பு' என்று ஒரு வார்த்தை இருந்தது, "சுதாரிப்பா இரு கண்ணு" என்பார்கள். எனக்குக் கவனம், விழிப்புணர்வு என்கிற வார்த்தைகளைவிட இதுதான் பொருத்தமாகப் படுகிறது. மைக்கில் பேசும்போதே நெஞ்சு படபடப்பதைக் கவனித்து அதை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே சுதாரிப்புதான்.

இதன் கதையைக் கொஞ்சம் சொன்னால் உங்களுக்கு உதவும். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். அவர் மனநல மருத்துவர் இல்லை, மூலக்கூறு உயிரியல் படித்தவர். பௌத்தத் தியான முறைகளைப் பழகியிருந்தார். அவரிடம் வந்தவர்கள் தீராத முதுகுவலி, தலைவலி என்று மற்ற மருத்துவர்களால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் போனவர்கள். அவர்களிடம் அவர் வலியை மறக்கச் சொல்லவில்லை, வலியோடு உட்கார்ந்து அதைப் பார்க்கச் சொன்னார். அது எட்டு வாரப் பயிற்சி. வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் போல வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முழு நாள். பயிற்றுநர் ஒவ்வொருவரிடமும், என்ன நடந்தது, எங்கே கஷ்டமாக இருந்தது என்று கேட்பார். இன்றைக்கு உலகம் முழுக்க 'மைண்ட்ஃபுல்னெஸ் பலன் தருகிறது' என்று சொல்லப்படுவதற்கு ஆதாரமாகக் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பயிற்சியை வைத்துச் செய்தவை. செமினார் ஹாலில் 180 பேர், ஒரு மைக், ஐம்பது நிமிடம், யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடுவது வேறு ஒரு சமாச்சாரம். பெயர் மட்டும்தான் ஒன்று.

கண்ணை மூடினால் பதறுகிறது என்று எழுதியிருந்தீர்கள், அது ஏன் என்று சொல்கிறேன். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிற உடம்பு, ஓட்டத்தை வைத்தே பயத்தைப் பின்னால் தள்ளி வைத்திருக்கும். ஓட்டத்தை நிறுத்திக் கண்ணை மூடியதும் அது அத்தனையும் ஒரேயடியாக முன்னால் வந்து நிற்கிறது. அதோடு, மூச்சைக் கவனி என்றதும் நிறையப் பேர் தங்களுக்கே தெரியாமல் பெரிது பெரிதாக இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், விரல் நுனி மரத்ததுபோல் ஆகும், தலை லேசாகச் சுற்றும், நெஞ்சு படபடக்கும். அதைப் பார்த்து இன்னும் பயம் வரும், பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். மைக்கில் "நன்றாக ஆழமாக மூச்சை இழுங்கள்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே விட்டுவிடுங்கள். இழுப்பதைவிட வெளியே விடுவது முக்கியம். மூச்சை உள்ளே வாங்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்று மெதுவாகும். அதனால் சாதாரணமாக வாங்கி, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி மெல்ல, நீளமாக விட்டாலே போதும். பதற்றம் இருக்கிறவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நானும் இப்படித்தான், விளக்கை அணைத்து, புல்லாங்குழல் இசை போட்டு, கண்ணை மூடச் சொன்னேன். நாலாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் நாற்காலி விழுந்த சத்தம். ஒரு பையன் எழுந்து வெளியே ஓடிவிட்டான். பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தான், சட்டைக் காலர் வரைக்கும் நனைத்திருந்தான், கை நடுங்கியது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் அப்பா பைக் விபத்தில் போயிருக்கிறார், பின்னால் உட்கார்ந்திருந்தவன் இவன். கண்ணை மூடினால் ரோடுதான் தெரிகிறது மேடம் என்றான். என்ன செய்வது என்று எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் படிக்கல்லு எப்படி இருக்கு, தொட்டுப் பாரு" என்றேன். ஜில்லுனு இருக்கு என்றான். "இங்க சொரசொரன்னு இருக்கே, அது?" ஓரத்தில் சிமெண்ட் பூசியிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். எதிரே வேப்ப மரத்தில் எத்தனை காக்கா என்று எண்ணச் சொன்னேன். ஐந்து என்றான், இல்லை ஆறு என்றான். அதற்குள் கை நடுக்கம் நின்றிருந்தது. அன்றைக்கு உள்ளே மீதி 120 பேருக்கு என்ன நடந்ததோ தெரியாது, அவனுக்கு நடந்ததுதான் மைண்ட்ஃபுல்னெஸ். கண்ணைத் திறந்துகொண்டு, விரல் நுனியில். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் கண்ணை மூடச் சொன்னதில்லை.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடும் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். பத்து நாள் மௌன விபாசனா முகாமுக்குப் போய்விட்டு வா, எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது அன்போடு சொல்வார்கள். அது நல்ல மரபு, ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டாம். அந்த முகாம்களின் விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்டிருப்பார்கள், காரணம் இல்லாமல் கேட்பதில்லை.

அடுத்து அந்த மூன்று மணி முழிப்பு. மூன்று மாதமாக விடியற்காலை முழிப்பு, எரிச்சல், படபடப்பு. இது பதற்ற நோயாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டாகக்கூட இருக்கலாம், வெறும் வேலைக் களைப்பாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து எது என்று நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. உங்கள் வழக்கமான டாக்டரிடம் போய் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள், மாதவிடாய் எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ ஒரு முறை போய் உட்காருங்கள். பிள்ளைகளை அனுப்பத் தயாராக இருக்கிற இடத்துக்கு நாம் போகத் தயங்கக் கூடாது. முழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டுகொண்டு மணி பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், இனித் தூக்கம் வராது என்று தெரிந்ததும் எழுந்து, சின்ன வெளிச்சத்தில், மனதைக் கிளறாத ஏதாவது கைவேலை செய்யுங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா வெங்காயம் உரிப்பார். கண் சொருகினால் போய்ப் படுங்கள். எவ்வளவு கெட்ட ராத்திரியாக இருந்தாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. மதியத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம். குடித்த காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பை ராத்திரி எட்டரைக்கு மேல் பார்ப்பதில்லை என்று ஒரு முடிவு எடுங்கள். பத்தரை மணிக்கு "நாளை காலை 9க்குள் அனுப்பவும்" என்று வருகிற மெசேஜ்தான் உங்களை மூன்று மணிக்கு எழுப்புகிறது என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், எனக்கு இதில் கோபமே வருகிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி நேரம். உங்களுக்கு 20. மேலே நாக், மென்டார், கேன்வாசிங், இப்போது மைண்ட்ஃபுல்னெஸ் ஹவர். வாளியில் ஓட்டை இருக்கும்போது ஊற்றுகிறவர் கை சரியில்லை என்று சொல்ல முடியுமா? ஆசிரியர்களுக்கு மன அழுத்தம் என்றதும் மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்துவிட்டு, வேலைப் பட்டியலில் ஒரு வரியைக்கூட அடிக்காத நிர்வாகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உட்கார்ந்து மூச்சைப் பார்த்தால் தீராத கஷ்டம் உங்களிடம் பாதி இருக்கிறது, அது உங்கள் மனதின் குறை இல்லை. ஆனால் சுதாரிப்பு ஒன்றுக்கு உதவும். இந்தப் பதற்றத்தில் எது என்னுடையது, எது எனக்கு மேல் ஏற்றி வைத்தது என்று பிரித்துப் பார்க்க உதவும். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன டைரியில், உடம்பு இறுகும்போதெல்லாம் நேரத்தையும் அப்போது கையில் இருந்த வேலையையும் மட்டும் எழுதுங்கள், வேறு விளக்கம் எதுவும் வேண்டாம். பதினாலு நாள் கழித்துப் படித்தால் உங்களுக்கே தெரியும். அந்தப் பட்டியலோடு உங்கள் துறைத் தலைவரிடம் போங்கள். "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு மேடம்" என்று போனால் யோகா பண்ணு என்பார்கள். "ஐந்தாவது க்ரைட்டீரியா டேட்டா எடுப்பதில் இன்னொருத்தர் வேண்டும், இல்லையென்றால் ஒரு பேப்பரைக் குறையுங்கள்" என்று போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். உடனே நடந்துவிடும் என்று சொல்லவில்லை, சுயநிதிக் கல்லூரியில் வேலை எவ்வளவு பலவீனமான நூலில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் சுட்டிக் கேட்பதற்கு ஒரு பலம் உண்டு.

புதன்கிழமை ஹவர் விஷயத்துக்கு வருவோம். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பிரின்சிபாலிடம் சொல்ல உங்களுக்கு இரண்டு தகவல் தருகிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, இன்னொரு பகுதிக்கு வழக்கமான ஆலோசனை வசதி மட்டும். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில், பரீட்சைக் காலத்தில் மனக்கஷ்டம் எல்லை தாண்டியவர்கள் பயிற்சி எடுக்காதவர்களில் 57 சதவீதம், எடுத்தவர்களில் 37 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் அவர்கள் எல்லாரும் தாங்களாக விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள். இன்னொன்று, 2022இல் முடிவு வந்த பெரிய பிரிட்டன் ஆய்வு. 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், வயது 11 முதல் 14 போல. அங்கே வகுப்பறைப் பாடமாக எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கூடுதல் நன்மையும் தெரியவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களுக்குக் கொஞ்ச காலம் வேலைச் சோர்வு குறைந்திருந்தது, அது ஒரு ஆறுதலான செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது, ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இது உதவும், அட்டெண்டன்ஸ் போட்டு உட்கார வைத்தால் உதவாது.

அதனால் முதலில் அந்த ஹவரை விருப்பப் பாடமாக்கக் கேளுங்கள். வராத பிள்ளை லைப்ரரியில் உட்காரலாம், கிரவுண்டில் ஷட்டில் ஆடலாம், மரத்தடியில் பேசலாம், அதெல்லாமும் மன நலம்தான். வருகிறவர்கள் முப்பது பேர் இருந்தால் போதும், நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். விளக்கை அணைக்காதீர்கள், கதவைத் திறந்தே வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், பார்வை தரையில் இருக்கட்டும். பாதம் தரையில் படுவதை, ஃபேன் சத்தத்தை, வெளியே ஆட்டோ ஹாரனை, இப்படி வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்து நிமிடம் போதும், மீதி நேரம் பேசட்டும். எடுத்த இடம் பதிந்த ஜியோ டேக் போட்டோ கட்டாயம் வேண்டும் என்பார்கள், ஃபைலுக்கு அது தேவைதான். ஹாலையும் போர்டையும் எடுங்கள், முகங்களை எடுக்காதீர்கள். ஒரு பிள்ளை மனம் கலங்கி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எதிரே போன் நீட்டி நிற்கிறவர்களைப் பார்த்தால் அடுத்த வாரம் அது வராது.

ஆனால் இந்த வட்டத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஆலோசகர் ஆகிவிட முடியாது, ஆகவும் கூடாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்து, சட்டம் வரும்வரை அவை கட்டுப்படுத்தும் என்று சொல்லியிருக்கிறது. அதில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனம் தகுதி பெற்ற ஒரு ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும், ஆசிரியர் முதல் அலுவலர் வரை எல்லாருக்கும் வருடம் இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும், டெலி மானஸ் போன்ற உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பொது இடங்களிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. உங்கள் கல்லூரி இந்த மூன்றையும் செய்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவது க்ரைட்டீரியாவே மாணவர் நலனும் முன்னேற்றமும்தானே, அதன் பொறுப்பாளராக இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் அங்கே இல்லை. வாரம் இரண்டு நாள் வருகிற ஒரு உளவியலாளரை அமர்த்துவது ஒரு ஆண்டு விழாச் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும் என்பது என் கணிப்பு.

கடைசியாக, உங்களுக்கென்று ஒன்று. தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லப் போவதில்லை, உங்களிடம் நேரம் இல்லை. காலையில் முதல் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறீர்கள் இல்லையா, அதை மட்டும் வேறு மாதிரி எடுத்துப் பாருங்கள். நோட்டைப் பார்த்துக்கொண்டே ரோல் நம்பரை ஓட்டாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பாருங்கள், "ப்ரெசென்ட் மேடம்" என்கிற குரலைக் கேளுங்கள், அப்புறம் டிக் போடுங்கள். அறுபது பேருக்கு நாலு நிமிடம் ஆகும், வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதல். நடுவில் மனம் நாக் ஃபைலுக்கு ஓடும், ஓடினது தெரிந்ததும் அடுத்த பெயருக்கு வந்துவிடுங்கள், அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பயிற்சி என்பது அந்தத் திரும்பி வருதல் மட்டும்தான், எட்டு வாரப் பயிற்சியிலும் அதையேதான் சொல்லித் தருகிறார்கள். நான் இதைப் பல ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வேதியியல் ஆசிரியை மூன்று வாரம் கழித்து வந்து, 41ஆம் நம்பர் பெண் பத்து நாளாக ஒரே துப்பட்டாவில் வருகிறாள் மேடம், இவ்வளவு நாள் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை என்றார். விசாரித்தால் வீட்டில் பெரிய பிரச்சினை.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் சூட்டையோ குளிரையோ ஒரு ஸ்டாப் தூரத்துக்குக் கவனியுங்கள், முடிந்தால் மட்டும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் செருப்பைக் கழற்றும்போது ஒரு மூச்சை நீளமாக விட்டுவிட்டு உள்ளே போங்கள். எரிந்து விழுவது உடனே நிற்காது. விழுந்த பிறகாவது பிள்ளைகளிடம் "அம்மா கோபம் உன் மேல இல்லடா, அம்மாவுக்கு இன்னைக்கு ரொம்ப வேலை" என்று சொல்லலாம், அது அவர்களுக்குப் போதும்.

அந்த மாணவியிடம் பேசிவிட்டு ஒரு வரி எழுதுங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் அதையும் எழுதுங்கள்.